வானத்துக் கல் உங்கள் கைக்கு வந்தால்: கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கிராம நிர்வாக அலுவலர்களே, கிராம உதவியாளர்களே, வருவாய் ஆய்வாளர்களே, காவல் நிலையப் பொறுப்பாளர்களே,



வானத்திலிருந்து விழும் கல் ஆய்வகத்தைத் தேடிப் போய் விழுவதில்லை. கேழ்வரகுக் கொல்லையில் விழும், ஏரிக்கரையில் விழும், மாந்தோப்பில் விழும். வெடிச்சத்தம் கேட்டு ஊர் கூடும். யாராவது ஒருவர் தலையாரியிடம் சொல்வார், அவர் உங்களிடம் சொல்வார். நீங்கள் தாசில்தாருக்கும் ஸ்டேஷனுக்கும் தகவல் கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போவீர்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலிருந்து ஆள் வந்து சேரும்வரை கல் உங்கள் பொறுப்பில்தான் இருக்கும். அந்த இடைவெளியில் அதற்கு என்ன நேர்கிறது என்பதைப் பொறுத்தே, பின்னால் அதிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது அமையும். அதனால்தான் பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டு உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன்.

இது எங்கோ நடக்கிற சங்கதி அல்ல. 2008 செப்டம்பர் 12 காலையில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரிப் பக்கம் நூறு கிலோவுக்கு மேற்பட்ட விண்கல் விழுந்தது. 1857 பிப்ரவரி 28 அன்று, அன்றைய மதுரைச் சீமையில் விழுந்த கல் ‘பர்னல்லி’ என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்களால் பேசப்படுகிறது. அடுத்தது எப்போது, எந்த ஊரில் என்று யாராலும் சொல்ல முடியாது.

கல் விழுந்த ஊரில் தங்கம் இருக்கிறது, ரேடியம் இருக்கிறது என்று பேச்சு கிளம்பும். நான் சொல்ல வருவது வேறொரு செல்வம். அந்தக் கல்லுக்குள் ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் என்னும் மந்த வாயுக்கள் அணு அணுவாகச் சிக்கியிருக்கின்றன. கல் எத்தனை லட்சம் ஆண்டு விண்வெளியில் தனியாக அலைந்தது என்ற கணக்கு அந்த வாயுக்களில் இருக்கிறது.

அந்தக் கணக்கு ஏறும் விதத்தைச் சொல்கிறேன். பெரும்பாலான விண்கற்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களிலிருந்து உடைந்தவை. சிறுகோளின் உட்பகுதியில் இருக்கும்வரை பாறைக்குப் பாதுகாப்பு உண்டு. வேறொரு சிறுகோள் மோதி ஒரு துண்டு பெயர்ந்துவிட்டால் பாதுகாப்பு போய்விடும். ஒளியின் வேகத்தை நெருங்கி வரும் காஸ்மிக் கதிர்கள், பெரும்பாலும் புரோட்டான்கள், அதன்மேல் இடைவிடாமல் மோதும். பாறைக்குள் இரண்டு மூன்று மீட்டர் ஆழம்வரைதான் அவற்றால் பாதிப்பை உண்டாக்க முடியும். மெக்னீசியம், சிலிக்கான், அலுமினியம் அணுக்கள் உடைந்தால் நியான் பிறக்கும். கால்சியமும் இரும்பும் உடைந்தால் ஆர்கான் பிறக்கும். எது உடைந்தாலும் ஹீலியம் தெறிக்கும். மொட்டை மாடியில் விரித்த ஜமுக்காளம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதை வைத்து எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று சொல்வது போல, இந்த வாயுக்களின் அளவை வைத்துக் கல் எவ்வளவு காலம் வெளியில் கிடந்தது என்று சொல்லலாம்.

காஸ்மிக் கதிர்கள் சோடியத்தையும் மாங்கனீசையும்கூட உண்டாக்குகின்றன. ஆனால் அவை பாறையில் ஏற்கெனவே ஏராளமாக இருப்பவை, புதிதாகச் சேர்ந்த சில அணுக்கள் கூட்டத்தில் காணாமல் போய்விடும். ஹீலியமும் நியானும் அப்படியல்ல. எதனோடும் சேராத இந்த வாயுக்கள் பாறை உருவாகும்போதே பெரும்பாலும் வெளியேறிவிட்டவை. அதனால் பின்னால் வந்து சேரும் கொஞ்சமும் தனித்துத் தெரியும். நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நியானில் 370 அணுவுக்கு ஒன்றுதான் நியான்-21 என்ற வகை. காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் நியானில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று நியான்-21. அளந்து பார்த்ததுமே எது பூமியின் காற்று, எது விண்வெளியில் பிறந்தது என்று பிரித்துவிடலாம்.

இது புரிவதற்கு அறிவியலுக்கே சில பத்தாண்டுகள் பிடித்தன. வியன்னாவில் பிறந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த வேதியியலாளர் ஃபிரெடரிக் பானெத், இரும்பு விண்கற்களில் உள்ள ஹீலியத்தைப் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்தார். யுரேனியமும் தோரியமும் சிதைந்ததால் வந்த ஹீலியம் என்று கொண்டு கணக்குப் போட்டபோது சில கற்களின் வயது 700 கோடி ஆண்டுவரை போனது. சூரியக் குடும்பத்துக்கே வயது சுமார் 456 கோடிதான் என்பது இன்று நமக்குத் தெரியும். 1947-ல் ஹார்வர்டைச் சேர்ந்த கார்ல் பாயர், அந்த ஹீலியத்தைக் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கியிருக்கலாம் என்றார். அது உண்மையானால் ஹீலியம்-3 என்ற இலேசான வகை நிறைய இருக்க வேண்டும், ஏனென்றால் யுரேனியச் சிதைவு ஹீலியம்-4 மட்டுமே தரும். 1952-ல் பானெத்தும் அவருடைய சகாக்களும் தேடிப் பார்த்தார்கள். காற்றிலுள்ள ஹீலியத்தில் ஏழு லட்சத்தில் ஒன்றாக இருக்கும் ஹீலியம்-3, இரும்பு விண்கற்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றாக இருந்தது. அன்றோடு சந்தேகம் தீர்ந்தது. ஹீலியம் காட்டிய காலம் இரும்பு பிறந்த காலமல்ல, அது விண்வெளியில் அலைந்த காலம்.

அப்போதிலிருந்து அளந்ததில் பல செய்திகள் கிடைத்திருக்கின்றன. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல் 2013 பிப்ரவரி 15 அன்று வெடித்த கல், தாய்ப்பாறையிலிருந்து பிரிந்து சுமார் 12 லட்சம் ஆண்டுகளே ஆகியிருந்தன. சாதாரணக் கல் வகை விண்கற்கள் பெரும்பாலும் பத்து கோடி ஆண்டுக்குள் பூமிக்கு வந்துவிடுகின்றன, அல்லது வழியிலேயே மோதித் தூளாகிவிடுகின்றன. உறுதியான இரும்புக் கற்கள் 100 கோடி ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்கின்றன. ‘ஹெச்’ என்னும் வகைக் கற்களில் ஏறக்குறைய பாதிக்கு 70 முதல் 80 லட்சம் ஆண்டுக் கணக்கே வருகிறது. வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு நூற்றாண்டுகளில் விழுந்த கற்களுக்கு ஒரே கணக்கு வருகிறதென்றால், அந்தக் காலத்தில் அவற்றின் தாய்ச் சிறுகோள்மேல் பெரிய மோதல் நடந்திருக்கிறது என்று பொருள். மனிதக் கண் எதுவும் காணாத ஒரு விபத்துக்குத் தேதி கிடைத்திருக்கிறது.

இந்தக் கணக்கு கெடாமல் நம் கைக்கு வரவேண்டும். அதற்காக உங்களிடம் நான்கு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் காரணமும் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்த ஒருவர் போதும், ஊரைச் சமாதானப்படுத்திவிடுவார்.

முதல் கோரிக்கை: கல்லைச் சூடாக்க விடாதீர்கள். இரும்பா தங்கமா என்று பார்க்க ஊரில் யாராவது உலையில் வைப்பார்கள், கேஸ் கட்டரைக் காட்டுவார்கள், கட்டிங் மிஷினால் அறுப்பார்கள். ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அதன் விபரீதம் புரியும். கல்லின் உட்பகுதியிலிருந்து நூறு மில்லிகிராம் அளவுக்கு ஒரு துணுக்கு எடுப்பார்கள். மெல்லிய உலோகத் தாளில் சுற்றி வெற்றிடக் குழாய்க்குள் வைத்து, நூறு டிகிரிக்குச் சற்று மேலே சூடாக்கி, ஒட்டியிருக்கும் பூமிக் காற்றைக் கழிப்பார்கள். பிறகு அதை உலையில் போட்டு 1,700 டிகிரிக்கு ஏற்றுவார்கள். கல் உருகி, அடைபட்டிருந்த வாயு முழுக்க வெளியே வரும். சூடான டைட்டானியம் அதிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன், நீராவி எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும், மந்த வாயுக்களை மட்டும் தொடாது. திரவ நைட்ரஜனில் குளிர வைத்த கரித்தூள் ஆர்கானையும் கிரிப்டானையும் செனானையும் பிடித்து நிறுத்தும். ஹீலியமும் நியானும், அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள் போகும். ஒரு கோடி ஆண்டு அலைந்த கல்லாக இருந்தால், அந்தத் துணுக்கில் நியான்-21 சுமார் 8,000 கோடி அணுக்கள் இருக்கும். கேட்பதற்குப் பெரிய எண், எடையோ ஒரு கிராமில் லட்சம் கோடியில் மூன்று பங்குதான். கல் எதுவும் இல்லாமல் வெறும் உலையை ஓட்டி, கருவியிலிருந்தே எவ்வளவு வாயு கசிகிறது என்று பார்த்து, அதையும் கழித்தாக வேண்டும். ஒரு துணுக்கை ஒருமுறைதான் உருக்க முடியும்.

கொல்லன் உலையிலும் இதே வேலைதான் நடக்கும், ஆனால் வெளியேறும் வாயுவைப் பிடிக்க அங்கே ஆள் இல்லை. ஹீலியம் மிகச் சிறிய அணு, சில நூறு டிகிரிச் சூட்டிலேயே நழுவத் தொடங்கிவிடும். இதில் இன்னொரு கேடும் இருக்கிறது. சில விண்கற்களில் நியான் சரியாக இருந்து ஹீலியம் மட்டும் குறைந்திருக்கும். அந்தக் கல் சூரியனுக்கு மிக அருகில் போய்ச் சூடாகித் திரும்பியிருக்கிறது என்பதற்கு அது ஒரு தடயம். ஊரில் ஒரு மணி நேரம் நெருப்பில் கிடந்த கல்லும் அதே குறையைக் காட்டினால், சூரியன் செய்ததா நாம் செய்ததா என்று எப்படிப் பிரிப்பது? காற்றுமண்டலத்தில் எரிந்து வந்த கல்தானே, இன்னும் கொஞ்சம் சூடானால் என்ன என்று யாராவது கேட்பார்கள். எரிந்தது மேல்தோல் மட்டும். அந்தக் கறுப்புத் தோல் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதற்குக் கீழே சில மில்லிமீட்டருக்கு அப்பால் கல் விண்வெளியில் இருந்தபடியே இருக்கிறது.

தண்ணீர் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். கல்லில் உள்ள உலோக இரும்பு துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்க்க வேண்டாம், கல்லில் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடம் அதோடு அழிந்துவிடும். ஊரார் பயபக்தியோடு கும்பிட வந்தால் அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தள்ளி நின்று கும்பிடட்டும். பாலும் எண்ணெயும் கற்பூரமும் கல்லின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கோரிக்கை: ஒரு துண்டுகூட விடாமல், எது எங்கே கிடந்தது என்று எழுதுங்கள். நியானின் அளவு காலத்தை மட்டும் பொறுத்ததல்ல, அந்தத் துணுக்கு மூலக் கல்லில் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதையும் பொறுத்தது. கதிர் ஒன்று உள்ளே நுழைந்து ஓர் அணுவை உடைத்ததும் அதிலிருந்து நியூட்ரான்கள் தெறித்து மேலும் பல அணுக்களை உடைக்கும். அதனால் மேற்பரப்பைவிடச் சற்று ஆழத்தில் நியான் அதிகமாகப் பிறக்கும், இன்னும் ஆழத்தில் குறையும். நியான்-22, நியான்-21 இரண்டின் விகிதம் ஆழத்தை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனாலும் மூலக் கல் எவ்வளவு பெரிது என்று தெரியாமல் கணக்கு முழுமையாகாது. காற்றுமண்டலம் அதன் பெரும்பகுதியை எரித்துவிட்ட பிறகு, மிஞ்சிய துண்டுகளின் எடையும் அவை சிதறிய விதமும்தான் அதைக் கண்டுபிடிக்க வழி. சிதறும்போது பெரிய துண்டுகள் கல் பறந்த திசையில் முன்னே போய் விழும், சிறியவை பின்தங்கும்.

இந்த இடத்தில் உங்களுக்குள்ள திறமை எந்தப் பேராசிரியருக்கும் இல்லை. உங்களிடம் புல எண் இருக்கிறது, புலப்படம் இருக்கிறது, எது யார் நிலம் என்பது தெரியும். மகஜர் எழுதத் தெரியும். ஒவ்வொரு துண்டுக்கும் புல எண், குழியின் ஆழம், எடை, கண்டெடுத்தவர் பெயர், நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். எடுப்பதற்கு முன் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து செல்போனில் படம் எடுங்கள். சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று நாலு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துவையுங்கள். துண்டுகளை ஒரே சாக்கில் கொட்டாமல், தனித்தனிச் சுத்தமான பாலிதீன் பையில் போட்டு எண் எழுதி ஒட்டுங்கள்.

இடத்தைக் குறித்து வைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனில் ஓர் உதாரணம் இருக்கிறது. கின்னெகுல்லே மலையில் தோர்ஷ்பெரி என்ற சுண்ணாம்புக்கல் குவாரி. தரைக்குப் போடும் பலகைக்கற்களை அங்கே அறுக்கிறார்கள். சில பலகைகளில் கறுத்த திட்டு ஒன்று தெரியும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று முன்பெல்லாம் அவற்றை ஒதுக்கிவிடுவார்கள். அந்தத் திட்டுகள் 47 கோடி ஆண்டுக்கு முன் கடலடிச் சேற்றில் விழுந்து கல்லோடு கல்லாகிப்போன விண்கற்கள். 1990-களிலிருந்து பிர்கெர் ஷ்மித்ஸ் என்ற புவியியலாளரோடு சேர்ந்து, குவாரித் தொழிலாளர்கள் ஒவ்வொரு திட்டையும் எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்போடு எடுத்து வைத்தார்கள். நூற்றுக்கு மேல் கிடைத்தன. அவற்றில் கிட்டத்தட்ட எல்லாத் தாதுக்களும் மாறிப்போயிருந்தன, குரோமைட் என்ற சின்னஞ்சிறு மணிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஆய்வாளர் ஃபிலிப் ஹெக்கும் சகாக்களும் அந்த மணிகளில் இருந்த நியான்-21-ஐ அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். அடியடுக்கில் கிடைத்த கற்கள் விண்வெளியில் ஒரு லட்சம் ஆண்டு அளவே இருந்திருந்தன. மேலே போகப்போக அந்தக் காலம் கூடிக்கொண்டே போய்ப் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஒரே மோதலில் உடைந்த துண்டுகள், முந்தியவை முதலிலும் பிந்தியவை பிறகுமாக வந்து சேர்ந்திருக்கின்றன. சேறு படிந்த காலமும் நியான் ஏறிய காலமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. எந்த அடுக்கு என்ற அந்தச் சிறு குறிப்பு இல்லாமல் போயிருந்தால் இந்த அருமையான ஒப்பீடே கிடைத்திருக்காது. எழுதி வைத்தவர்கள் கல்லறுக்கும் தொழிலாளர்கள்.

மூன்றாவது கோரிக்கை: தாமதம் வேண்டாம். நியான் எத்தனை காலமானாலும் அப்படியே இருக்கும். காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் வேறு சில அணுக்கள் சீக்கிரம் சிதைபவை. ஆர்கான்-37 முப்பத்தைந்து நாளில் பாதியாகும். சோடியம்-24 பதினைந்து மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். காற்றுமண்டலம் பத்து மீட்டர்த் தண்ணீருக்குச் சமமான கவசம், ஆகவே கல் தரையைத் தொட்டதும் புதிதாக ஏறுவது ஏறக்குறைய நின்றுபோகும், சிதைவு மட்டும் நடக்கும். ஆர்கான்-37 கடைசிச் சில வாரங்களில் கல் பட்ட கதிரைச் சொல்லும். 269 ஆண்டில் பாதியாகும் ஆர்கான்-39 சில நூற்றாண்டுகளின் சராசரியைச் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டால் கதிரின் அளவு எப்படி ஏறி இறங்கியது என்று பார்க்கலாம். கல் மூன்று மாதம் ஸ்டேஷன் அலமாரியில் கிடந்தால் ஆர்கான்-37 ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அகமதாபாதிலுள்ள இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தில் இப்படிச் சிதையும் சில அணுக்கள் வீசும் காமாக் கதிர்களைக் கல்லை உடைக்காமலே எண்ணும் கருவிகள் உண்டு. நம் நாட்டில் விழுந்த பல கற்களை அங்கே அளந்திருக்கிறார்கள். சென்னை கிண்டியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அலுவலகம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகம் வழியாகக் கடிதம் போகட்டும், அதே நாளில் தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள்.

நான்காவது கோரிக்கை: நிலத்துக்காரருக்கும் கண்டெடுத்தவருக்கும் உரிய மரியாதை கொடுங்கள். வேலியை உடைத்து, பயிரை மிதித்துக் கூட்டம் போனால் நஷ்டம் அவருக்குத்தான். காவல் போட்டு அதைத் தடுங்கள். கல்லை வாங்கிக்கொண்டு போகும்போது கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு கொடுங்கள். அவர் பெயர் பதிவில் இருக்கட்டும். மிரட்டி வாங்கினால் அடுத்த துண்டு வெளியே வராது, யாராவது வியாபாரிக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும். விண்கல்லுக்கு அது விழுந்த இடத்தின் பெயரைத்தான் சூட்டுகிறார்கள் என்பதையும் ஊராரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பெயர் உலக ஆய்வேடுகளில் நிற்கப்போகிறது என்று தெரிந்தால், ஒளித்து வைத்தவர்கூடக் கொண்டுவந்து கொடுப்பார்.

இவ்வளவு வேலைக்கு நடுவே இது வேறா என்று உங்களுக்குத் தோன்றலாம். பட்டா மாறுதல், சாதிச் சான்று, வெள்ள நிவாரணம், தேர்தல் வேலை என்று உங்கள் தலையில் இருக்கும் சுமை எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்ற கீழ்நிலை நிர்வாகத்தின் கவனத்தால் மனித குலத்துக்கு ஒரு பெரிய அறிவு இந்த நாட்டிலிருந்தே கிடைத்திருக்கிறது.

1865 ஆகஸ்ட் 25 காலையில் பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊர்ப்பக்கம் ஐந்து கிலோ அளவுள்ள கல் விழுந்தது. அந்த வட்டாரத்து அரசு அலுவலர்கள் அதை வாங்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார்கள். அது என்ன கல் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1976-ல் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயில் இறங்கி அதன் காற்றை அளந்தன. 1983-ல் ஆய்வாளர்கள் டொனால்ட் போகார்டும் பிராட் ஜான்சனும், அண்டார்டிகாவில் கிடைத்த ஷெர்காட்டி வகைக் கல் ஒன்றின் கண்ணாடித் துளிகளுக்குள் அதே விகிதத்தில் ஆர்கானும் கிரிப்டானும் செனானும் சிக்கியிருப்பதைக் கண்டார்கள். அந்த வகைக் கற்கள் செவ்வாயிலிருந்து வந்தவை என்பது அதன்பிறகு உறுதிப்பட்டது. ஷெர்காட்டிக் கல்லே செவ்வாயிலிருந்து பெயர்ந்து ஏறக்குறைய 30 லட்சம் ஆண்டு அலைந்துவிட்டு அந்தக் கிராமத்தில் இறங்கியிருக்கிறது. இதுவரை கிடைத்துள்ள செவ்வாய்க் கற்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஷெர்காட்டைட்’ என்பதுதான் வகைப் பெயர். அதை உடைத்துப் போடாமல், உருக்கிப் பார்க்காமல் அனுப்பிவைத்த அலுவலர்கள் செய்தது தங்கள் அன்றாடக் கடமைதான். அதன் பலன் 118 ஆண்டுக்குப் பிறகு விளைந்தது.

ஒரு கிராம் விண்கல்லில் நாளொன்றுக்கு இருநூற்றுச் சொச்சம் நியான்-21 அணுக்கள் சேர்கின்றன. அந்த வேகத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்ததை ஓர் உலை பாழாக்கிவிடும், ஒழுங்காக எழுதிய ஒரு மகஜர் காப்பாற்றிவிடும். இந்த மடலில் உள்ள நான்கு கோரிக்கைகளையும் ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள். தாலுகா ஆபீஸ் மாதாந்திரக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். புதிதாகப் பணியில் சேருகிறவர்களுக்குப் பயிற்சி தரும்போது இதையும் சேர்க்கும்படி உங்கள் சங்கங்கள் வழியாக அரசிடம் கேளுங்கள். கல் எந்த ஊரில் விழுந்தாலும் அந்த ஊருக்கு ஒரு வி.ஏ.ஓ. உண்டு. அவருக்கு இது தெரிந்திருந்தால் போதும்.

நம்பிக்கையுடன்,
விண்கற்களின் வாயுக்கணக்கில் அக்கறை கொண்ட ஒருவன்